வேலுமணி கார் தூக்கிய கதை

ஆத்தூரிலிருந்து செம்பட்டி போகும் சாலையில் வேலுமணியின் கார் வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். வேகத்தடையில் ஏறும்போது ஒரு 'கர்ர்ர்'. இறங்கும்போது அதைவிட நீளமாக இன்னொரு 'கர்ர்ர்'. டீக்கடையில் இருப்பவர்கள் தலையைத் திருப்பாமலே சொல்வார்கள்: "மல்லியப்பூ கப்பல் வருது, வழிய விடுங்கப்பா."

கப்பல் என்றது கேலிக்குத்தான். அது தரையோடு தரையாகப் போகிற கார். வேலுமணியின் மனைவி செல்லக்கிளியின் தம்பி சிவபிரகாஷ் கோயம்புத்தூரில் வேலை பார்த்த காலத்தில் ஆசை ஆசையாக வாங்கியது. வாங்கியதோடு நிற்காமல் ஸ்பிரிங்கை மாற்றி, வண்டியை இன்னும் இறக்கி, பூனைகூடக் குனிந்துதான் அடியில் நுழைய வேண்டும் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டான். கொஞ்ச நாளில் அயர்லாந்தில் வேலை கிடைத்தது. புறப்படும் அன்று சாவியை அக்கா புருஷன் கையில் கொடுத்தான். கொடுத்த பிறகும் விரலை எடுக்க மனசு வராமல் சாவியைப் பிடித்தபடியே நின்றான்.

"பார்த்து ஓட்டுங்க மாமா. பள்ளத்துல நேரா இறக்கிறாதீங்க. குறுக்கால இறக்குங்க."

"நீ ஏரோப்பிளேன்ல பத்திரமா போ மாப்ள. இது என் பிள்ள மாதிரி."

பிள்ளை மாதிரிதான் பார்த்துக்கொண்டார். ஆனால் அவர் மல்லிகை விவசாயி. பிள்ளை என்றால் வேலை செய்யத்தானே வேண்டும்? விடியும் முன்னே பூ மூட்டைகளைப் பின்சீட்டில் அடுக்கி திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு ஓட்டினார். எந்த வாசனைப் புட்டியும் வாங்காமலே கார் மணத்தது. பூ இறக்கிய பிறகும் சீட்டின் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் மொட்டுகள் வெயிலில் விரியும்.

வேலுமணிக்குச் சக்கரத்தோடு பழக்கம் இந்தக் காரில் தொடங்கியதில்லை. மீசை அரும்பிய வயதிலிருந்து அவர் ஊர் அம்மன் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர். வடம் பிடிக்க ஊரே திரண்டு வரும். கட்டை போட நாலைந்து பேருக்குத்தான் நெஞ்சு வரும். புளியமரத்தில் ஒருபக்கம் சரிவாகச் செதுக்கிய கட்டை அது. உருண்டு வரும் சக்கரத்துக்கு முன்னால் நேராகச் செருகினால் தேர் நிற்கும். ஓரமாகச் செருகினால் திரும்பும். தேருக்கு முன்னால் ஒருவர் துண்டை வீசிக்கொண்டு நிற்பார். அவர் சொல்லாமல் எவனும் கட்டையைப் போடவும் கூடாது, எடுக்கவும் கூடாது. வலப்பக்க முன்சக்கரம் வேலுமணியுடையது. சித்திரை பிறந்தால் அவர் நடையே மாறிவிடும் என்பாள் செல்லக்கிளி.

இதில் ஒரு பழக்கக் கோளாறு வந்து சேர்ந்தது. கார் கைக்கு வந்த நாளிலிருந்து அவர் ஹேண்ட்பிரேக் இழுத்ததே இல்லை. எங்கே நிறுத்தினாலும் கியரில் போட்டுவிட்டு இறங்குவார், டிக்கியிலிருந்து சின்னதாக ஒரு புளியங்கட்டையை எடுப்பார், முன்சக்கரத்துக்கு அண்டக் கொடுப்பார், கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். மார்க்கெட்டில், பேங்க் வாசலில், கல்யாண மண்டபத்தில், எங்கேயும் இதுதான். ஹேண்ட்பிரேக் கம்பியில் மஞ்சப்பை தொங்கும்.

"அதுக்குன்னு ஒரு கம்பி வச்சிருக்கான்ல, அத இழுத்தா என்ன?" என்று பக்கத்துத் தோட்டத்துப் பெருமாள்சாமி கேட்டால், "கம்பிய நம்பச் சொல்றியா, கட்டைய நம்பச் சொல்றியா?" என்று திருப்பிக் கேட்பார்.

எப்போதாவது கேட்ட அந்த 'கர்ர்ர்' பங்குனிக் கடைசியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் கேட்கத் தொடங்கியது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பு இரண்டு போல்டைத் தொலைத்துவிட்டுத் தொங்கியது. செம்பட்டியில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்தவன் ஜாக்கியைத் தள்ளிப் பார்த்தான். அது பம்பருக்குக் கீழேயே நுழையவில்லை. கடப்பாரையை எடுத்து வந்து ஓரத்தில் நெம்பினான். 'ணங்' என்றது. கதவுக்குக் கீழே ஒரு குழி. வேலுமணி உடனே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நாமே செய்துவிடலாம் என்று வழியிலேயே முடிவு கட்டியாகிவிட்டது.

வீட்டில் வேறொரு சிக்கல் காத்திருந்தது. செல்லக்கிளி அந்தக் காரில் ஏறுவதில்லை. தேர் பார்க்கத் தோட்டத்து வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் போக வேண்டும். அவள் மினி பஸ்ஸில் போவாள். பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கோயில் வாசலில் போய் இறங்க வேண்டும் என்பது வேலுமணியின் நெடுநாள் ஆசை. கேட்டுப் பார்த்தார்.

"பூமிய உரசிக்கிட்டே போற வண்டியில எனக்கென்ன வேல? சத்தம் நின்னா ஏறுறேன்" என்றாள். உடனே குரல் மாறியது. "ஆனா ஒண்ணு. அத நிறுத்துறேன்னு கல்ல வச்சுத் தூக்கி அடியில போய்ப் படுத்தீங்க, அன்னைக்கே வண்டி வீட்ட விட்டுப் போயிரும். தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவள் சும்மா சொல்லவில்லை. அவள் அப்பா சின்னக்கண்ணு சேவுகம்பட்டியில் இருக்கிறார். ஒருகாலத்தில் டிராக்டர் டிரெய்லரைக் கல்லில் நிறுத்தி டயர் கழற்றப் போய், கல் சரிந்து டிரெய்லர் காலில் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து வலது காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார். அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். பார்த்த பிள்ளைகள் இரண்டுக்கும் சிரிப்பு வந்ததில்லை. அக்கா அதைப் பற்றிப் பேசவே மாட்டாள். தம்பி பேசிக்கொண்டே இருப்பான். மாமா காரை வீட்டில் தூக்கப் போகிறார் என்று தெரிந்ததிலிருந்து அயர்லாந்தில் அவனுக்குத் தூக்கமில்லை. பாதி தமிழ், பாதி இங்கிலீஷில் குரல் செய்தியாக அனுப்பித் தள்ளினான். ஆபீசில் மீட்டிங்குக்கு நடுவில் எழுந்துபோய், மாடிப்படியில் நின்று கிசுகிசுப்பான்: "மாமா, ஹாலோ பிளாக் மட்டும் வைக்காதீங்க. அது கல்லு இல்ல, பிஸ்கட்டு. நொறுங்கிரும்."

போன வருசமே அவன், தூக்கிய காரைத் தாங்க இரண்டு இரும்பு ஸ்டாண்டும், உயரம் குறைந்த சக்கர ஜாக்கி ஒன்றும் வாங்கி வீட்டுக்கு அனுப்பியிருந்தான். ஜாக்கியைக் காகிதம்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தார் வேலுமணி. ஸ்டாண்டு இரண்டும் அவர் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிந்தன. மேலே ஒரு பலகையைப் போட்டால் பூ தரம் பிரிக்கிறவர் உட்கார வசதியான உயரம். செல்லக்கிளி அதில்தான் தினம் உட்கார்ந்தாள்.

தேருக்கு முந்தின வாரம், ஒரு சாயங்காலம், வெயில் இறங்கியதும் வேலையைத் தொடங்கினார். பெருமாள்சாமி வேலியோரம் வந்து நின்றுகொண்டார்.

"ஏப்பா வேலு, ஒரு குழியத் தோண்டி அதுல நீ இறங்கிரு. கார மேல விட்டுக்கலாம். எனக்கு மம்பட்டி எடுக்கவா?"

"மூடவும் நீயே வருவியா?"

"ஊரே வரும்ப்பா உனக்கு."

வீட்டுச் சுவரில் போனைச் சாய்த்து வைத்தாயிற்று. அதற்குள்ளிருந்து சிவபிரகாஷ் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் ரொம்பக் கிட்டத்தில் இருந்தது. "மாமா, பலகை வச்சு ஏத்துங்க முதல்ல."

அது நல்ல யோசனை என்பதை வேலுமணி ஒத்துக்கொண்டார். வீடு கட்டும்போது மிஞ்சிய சாரப்பலகைகளை முன்சக்கரங்களுக்கு முன்னால் இரண்டிரண்டாக, கீழ்ப்பலகை நீளமாகவும் மேற்பலகை குட்டையாகவும் அடுக்கினார். வண்டியை மெதுவாக அதன்மேல் ஏற்றினார். மூக்கு உயர்ந்தது. ஜாக்கியைத் தள்ளினார்; வெண்ணெயில் கரண்டி போவதுபோல உள்ளே போயிற்று.

"பார்த்தியா மாப்ள!"

"ஹேண்ட்பிரேக் மாமா?"

"கியர்ல கிடக்கு. கட்ட போட்டாச்சு."

போட்டிருந்தார். எங்கே? கை எங்கே போகுமோ அங்கே: முன்சக்கரம் இரண்டுக்கும், அச்சாக, அழகாக. தேரில் அவர் இடம் அதுதானே.

தண்டை அழுத்த அழுத்தக் கார் எழுந்தது. கழற்றும் போல்டுகளைப் போட ஓர் அலுமினியக் கிண்ணத்தை எஞ்சினுக்கு நேர் கீழே தள்ளி வைத்தார். சாக்கை விரித்தார். படுக்கும் முன்னே ஒன்று நினைவுக்கு வந்தது. பெண்டாட்டியிடம் திருட்டுத்தனம் பண்ணக்கூடாது. காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். மாப்ள ஸ்டாண்டைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? இரண்டு போல்டுதானே, செத்த நேரத்தில் முடிந்துவிடும். அவள் வேறு அதன்மேல் உட்கார்ந்து பூ பிரித்துக்கொண்டிருக்கிறாள், எழுப்புவானேன்?

"ஏ கிளி! செத்த இங்கன வந்து பாரு. கல்லு கில்லு ஒண்ணும் இல்ல. எம்புட்டு நேக்கா நிக்குது பாரு!"

செல்லக்கிளி மடியில் இருந்த பூவை முறத்தில் கொட்டிவிட்டு எழுந்து வந்தாள். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

முன்சக்கரங்கள் இரண்டும் காற்றில் நின்றன. வேலுமணியின் கட்டைகள் பலகைமேல் தன்பாட்டுக்குக் கிடந்தன. அவை அண்டக் கொடுப்பதற்கு இப்போது அங்கே சக்கரமே இல்லை. கியர் பிடித்து வைத்திருந்ததும் அதே முன்சக்கரங்களைத்தான். பின்சக்கரங்களைப் பிடிக்க வேண்டிய கம்பியில் மஞ்சப்பை தொங்கிக்கொண்டிருந்தது. வாசலோ, மழைத் தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டும் என்று வேலுமணியே நின்று தெருப்பக்கம் சரிவாகப் பூசச் சொன்ன வாசல்.

கார் ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. கூடவே உருண்ட ஜாக்கியின் சக்கரம் சிமெண்ட் வெடிப்பில் மாட்டிக்கொண்டது. ஜாக்கி சாய்ந்தது. 'தொம்' என்று கார் முன்பக்கமாக இறங்கியது. அதிர்ச்சியில் சுவரோரம் இருந்த போன் மல்லாந்தது. பெருமாள்சாமி "ஆத்தாடி!" என்று வேலிக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு சத்தம் வந்தது போனிலிருந்து மட்டும்தான். "அக்கா! மாமா! என்ன ஆச்சு? யாராச்சும் பேசுங்க!" மல்லாந்து கிடந்த போனுக்குத் தெரிந்தது தென்னை ஓலையும் கொஞ்சம் வானமும். அத்தனை தூரத்தில் நிற்கிற ஒருத்தன் தன் வீட்டு வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் கத்த முடியும்? அவன் கத்தினான்.

வேலுமணி போனை எடுத்தார். "ஒண்ணும் இல்ல மாப்ள. எல்லாரும் வெளியதான் இருக்கோம்."

திரையில் சிவபிரகாஷ் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். "வித்துருங்க மாமா. எனக்கு அந்தக் காரே வேணாம்."

செல்லக்கிளி குனிந்து காருக்கு அடியில் பார்த்தாள். கையை நீட்டி எதையோ இழுத்தாள். அலுமினியக் கிண்ணம். அப்பளமாகியிருந்தது. அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

திட்டியிருந்தால் தேவலை. வேலுமணி விரித்த சாக்கிலேயே உட்கார்ந்தார். கார் போனது போனதுதான் என்று தோன்றியது. அதைவிட, இனி இவள் தன்னை நம்பி எதையும் விடமாட்டாள் என்பதுதான் பெரிதாகப் பட்டது. பெருமாள்சாமிகூடக் கேலி பேசவில்லை, வேலியைப் பிடித்து எழுந்து, "சொம்புல தண்ணி கொண்டாரவா?" என்று கேட்டார்.

உள்ளே தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகியபடி செல்லக்கிளி வெளியே வந்தாள்.

"ஏன் விழுந்துச்சு?"

"விதி..."

"விதிய விடுங்க. ஏன் விழுந்துச்சு? யோசிச்சுச் சொல்லுங்க."

வேலுமணி எழுந்து காரைச் சுற்றி வந்தார். முன்சக்கரத்தைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், பின்சக்கரத்தைப் பார்த்தார். வாசல் சரிவைப் பார்த்தார்.

"கட்டைய மாத்திப் போட்டுட்டேன்" என்றார் மெதுவாக. "தேர நாம தூக்குறதில்ல. அதனால முன்னாலயே போட்டுப் பழகிருச்சு. தூக்குற சக்கரத்துக்குக் கட்ட போட்டு என்ன புண்ணியம்? தரையில நிக்கிற சக்கரத்துக்குல்ல போடணும்."

"ஹேண்ட்பிரேக்!" என்றது போன்.

"அதுவும்."

"ஸ்டாண்டு!"

"அதுல உங்க அக்கா உட்கார்ந்திருந்தா."

செல்லக்கிளி திரும்பித் தன் பலகையைப் பார்த்தாள். இதுவரை அதன் கால்கள் எதற்குச் செய்தவை என்று அவளுக்குத் தெரியாது. "இதுக்கா அனுப்பினான்? ஒரு வருசமா இதுமேலயா உட்கார்ந்திருக்கேன்?" பலகையைப் புரட்டித் தள்ளினாள். "தம்பி, வாய மூடிட்டுப் பாரு. விக்கிறதா வேணாமான்னு நான் பிறகு சொல்றேன்."

பிறகு நடந்ததைப் பெருமாள்சாமி இன்றைக்கும் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜாக்கியை உருவிக்கொண்டு, காரைத் தெருவில் இறக்கி, பக்கத்தில் இருக்கும் நெல் காயப்போடும் சிமெண்ட் களத்துக்கு ஓட்டிப் போனார்கள். அது தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடாத தரை. விழுந்ததில் எதுவும் வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். தொங்கிக்கொண்டிருந்த தடுப்பு இன்னும் கொஞ்சம் தொங்கியது, அவ்வளவுதான். செல்லக்கிளி கையில் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு காருக்கு முன்னால் போய் நின்றாள்.

"தேருல துண்டு வீசுறவரு சொல்லாம நீங்க கட்டையத் தொடுவீங்களா?"

"தொட மாட்டேன்."

"இங்கன நான்தான் வீசுறவ. நான் சொல்லாம ஒரு விரலு உள்ள போகக்கூடாது. மஞ்சப்பைய எடுங்க."

வேலுமணி மஞ்சப்பையை எடுத்தார். அவர் கைக்கு வந்ததிலிருந்து இழுபடாத அந்தக் கம்பி 'கிரீச்' என்று எழுந்தது. வண்டியைத் தள்ளிப் பார்க்கச் சொன்னாள், பெருமாள்சாமி தோள் கொடுத்துத் தள்ளினார், அசையவில்லை. அதன் பிறகும் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கட்டை போட வைத்தாள். களத்திலும் பலகை போட்டு ஏற்றியிருந்த மூக்குக்கு அடியில் ஜாக்கி போயிற்று. அது எந்த இடத்தில் முட்ட வேண்டும் என்று சிவபிரகாஷ் போனில் படம் போட்டே காட்டினான்: பிளாஸ்டிக்கில் இல்லை, நடுவில் குறுக்கே ஓடும் கெட்டி இரும்பில்.

"தூக்கு!" துண்டு வீசப்பட்டது. கார் எழுந்தது.

"நிறுத்து!" நின்றது.

இரண்டு பக்கமும், கதவுக்குக் கீழே காரைச் செய்தவன் கெட்டியாக வைத்திருந்த இடத்துக்கு நேராக, ஒரு கம்பால் ஸ்டாண்டுகளைத் தள்ளினார்கள். ஜாக்கியை மெல்ல இறக்க, காரின் கனம் ஸ்டாண்டுகள்மேல் வந்து உட்கார்ந்தது. ஜாக்கியையும் எடுத்துவிடாமல் லேசாகத் தொட்டபடி விட்டுவைத்தார்கள். ஸ்டெப்னி டயரைக் கழற்றிப் பக்கவாட்டில் உள்ளே தள்ளினார்கள். கடைசியாகச் செல்லக்கிளி தானே போய்க் காரின் மேல் இரண்டு கையையும் வைத்து, உரலை ஆட்டிப் பார்ப்பதுபோல, உடம்பின் மொத்த பலத்தோடு ஆட்டினாள். கார் ஆடவில்லை. இன்னொரு பக்கம் போய் ஆட்டினாள். அப்பாவின் காலை நினைத்துக்கொண்டு ஆட்டினாள் என்று வேலுமணிக்குத் தோன்றியது.

"ம்" என்றாள். துண்டு மெதுவாக அசைந்தது. "போங்க."

வேலுமணி சாக்கில் படுத்து உள்ளே நகர்ந்தார். வெளியே தெரிந்தது முழங்காலுக்குக் கீழே மட்டும்தான். செல்லக்கிளி முறத்தை எடுத்து வந்து அந்தக் காலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டாள். கை சும்மா இருந்தால் அவளுக்கு மனசு ஓடும். நாரைப் பிரித்து, ஒரு முனையைக் கணவனின் கால் பெருவிரலில் சுற்றி, பூ கட்ட ஆரம்பித்தாள்.

"ஏய், என்ன பண்ற?"

"பூ கட்டுறேன். ஒவ்வொரு கண்ணிக்கும் இழுப்பேன். நீங்க விரல ஆட்டணும். ஆட்டலன்னா காலப் புடிச்சு வெளிய இழுத்துருவேன்."

"போல்டு மாட்டவா, விரல ஆட்டவா?"

"ரெண்டும்."

போனைத் திருப்பி அந்த விரல் தெரியும்படி வைத்தார் பெருமாள்சாமி. அயர்லாந்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். சிவபிரகாஷ் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கண்ணி, ஓர் அசைவு, ஒரு வாய் என்று சாப்பிட்டான். காலையிலிருந்து அவன் எதையும் தின்னவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

ஒரு முழம் பூ கட்டி முடிவதற்குள் வேலை முடிந்தது. வேலுமணி முகமெல்லாம் கரியோடு வெளியே வந்தார். பெருவிரலில் இன்னும் நார் இருந்தது. செல்லக்கிளி அதை அவிழ்க்காமல் பல்லால் கடித்து அறுத்து, பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"தம்பி."

"சொல்லுக்கா."

"வண்டி இருக்கட்டும்."

தேர் அன்றைக்குக் காலை டீக்கடையில் கூடியவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது கார் வேகத்தடையில் குறுக்காக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் பட்டுச்சேலையோடு செல்லக்கிளி. "கப்பல்ல அம்மனே வருதுப்பா" என்றார் ஒருவர். வேலுமணி கண்ணாடியை இறக்கிச் சிரித்துவிட்டுப் போனார்.

கோயில் வாசலில் நிறுத்தினார். பழக்கம் விடுமா? கியரில் போட்டார், இறங்கினார், டிக்கியைத் திறந்து கட்டையை எடுத்தார். முன்சக்கரத்துக்குக் குனிந்தவர், ஒரு கணம் யோசித்து, நிமிர்ந்து, பின்சக்கரத்துக்குப் போய் அங்கே செருகினார். உள்ளே 'கிரீச்' என்று ஒரு சத்தம். செல்லக்கிளி உட்கார்ந்த இடத்திலிருந்தே ஹேண்ட்பிரேக்கை இழுத்திருந்தாள்.

"ரெண்டும் எதுக்கு?" என்றார் வேலுமணி.

"உங்களுக்குக் கட்ட, எனக்குக் கம்பி" என்றபடி அவள் இறங்கினாள். மஞ்சப்பை அவள் தோளில் இருந்தது. "போங்க, உங்க சக்கரம் காத்துக்கிட்டு இருக்கு. அங்கயாச்சும் முன்னால போடுங்க."